பழைய சி.என்.சி. இயந்திரங்களுக்குப் புதிய கட்டுப்பாடு: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதியின் பின்னணியில் ஒரு வரலாறு

சி.என்.சி. ரெட்ரோஃபிட் என்பது கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் ஒரு பழைய இயந்திரத்தின் இரும்பு உடலை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் கட்டுப்பாட்டு மின்னணுவியலை மட்டும் அகற்றிப் புதியதைப் பொருத்தும் பணியாகும். லேத், மில்லிங், கிரைண்டிங், போரிங் என எல்லா வகை இயந்திரங்களிலும் இப்பணி நடைபெறுகிறது. பட்டறைகளில் இதனை 'ரெட்ரோஃபிட்' என்றோ 'கன்ட்ரோல் மாற்றுவது' என்றோ கூறுவர். இயந்திரத்தின் இரும்பும் மின்னணுவும் ஒரே வேகத்தில் முதுமை அடைவதில்லை. இந்த வேறுபாடே ரெட்ரோஃபிட் தொழில் தோன்றக் காரணமாயிற்று. புதிய சி.என்.சி. இயந்திரம் வாங்க வசதியற்ற சிறு பட்டறைகள் துல்லிய வேலைக்குள் நுழையவும் இதுவே ஒரு வழியானது.

தமிழ்நாட்டில் இவ்வரலாற்றை அறியப் பொருத்தமான இடங்களுள் ஒன்று சென்னைக்கு வடக்கிலும் வடமேற்கிலும் உள்ள திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதி ஆகும். பெரிய அரசுத் தொழிற்சாலைகளும் சிறு பட்டறைகளும் இங்கு அருகருகே வளர்ந்தன. மின்தடையும் வெள்ளமும் இயந்திரங்களைச் சோதித்ததும் இங்கேதான்.

இரண்டு ஆயுள்கள்

ஒரு சி.என்.சி. இயந்திரத்தை இரண்டு பகுதிகளாகப் பார்க்கலாம். முதலாவது இயந்திரப் பகுதி. வார்ப்பிரும்பு அடித்தளம், அதன்மேல் மேசையும் தலைப்பகுதியும் நகரும் வழித்தடங்கள், சுழற்சியை நேர்கோட்டு நகர்வாக மாற்றும் பால் ஸ்குரூ, கருவியையோ வேலைப்பொருளையோ சுழற்றும் ஸ்பிண்டில் ஆகியன இதில் அடங்கும். இரண்டாவது மின்னணுப் பகுதி. நிரலைப் படித்துக் கணக்கிடும் கட்டுப்பாட்டுக் கருவி, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து தரும் டிரைவ், சர்வோ மோட்டார், நகர்ந்த தூரத்தைத் தெரிவிக்கும் என்கோடர், இவற்றை இணைக்கும் கேபிள்கள் ஆகியன இதனுள் வரும்.

நன்கு வார்க்கப்பட்டு உள்ளழுத்தம் நீக்கப்பட்ட அடித்தளம் பல பத்தாண்டுகள் நிலைத்திருக்கும். வழித்தடம் தேய்ந்தால் அதைக் கிரைண்டிங் செய்து, கையால் சுரண்டிச் சமன்படுத்தும் ஸ்கிரேப்பிங் முறையால் மீண்டும் துல்லியமாக்கலாம். பால் ஸ்குரூவையும் பேரிங்குகளையும் புதிதாக மாற்றலாம்.

மின்னணுப் பகுதியின் நிலை வேறு. போர்டுகளில் உள்ள மின்பகு மின்தேக்கிகள் காலப்போக்கில் உலர்ந்து திறன் இழக்கின்றன. குளிர்விக்கும் விசிறி நின்றால் பேனலுக்குள் வெப்பம் ஏறுகிறது. இணைப்பிகளில் எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் படிகின்றன. பழைய படக்குழாய்த் திரைகள் மங்குகின்றன. இவற்றையெல்லாம் பழுதுபார்த்தாலும், போர்டில் உள்ள சிப் உற்பத்தியிலிருந்து நிறுத்தப்பட்டிருந்தால் மாற்றுப் பாகம் கிடைப்பது அரிது. ஒரு உள்ளங்கை அளவுள்ள போர்டு பழுதானதால் பல டன் எடையுள்ள இயந்திரம் மாதக்கணக்கில் நிற்பது இதனாலேயே.

தொடக்கமே ஒரு ரெட்ரோஃபிட்

இயந்திரத்தை எண்களால் கட்டுப்படுத்தும் முறை அமெரிக்காவில் தோன்றியது. மிச்சிகன் மாநிலத்தின் டிராவர்ஸ் சிட்டியில் ஜான் பார்சன்ஸ் என்பவரின் நிறுவனம் ஹெலிகாப்டர் சுழலிறகுகளைத் தயாரித்து வந்தது. இறகின் வளைவைச் சரிபார்க்கும் அச்சுகளுக்கான புள்ளிகளை அவரும் பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலனும் துளையிட்ட அட்டைகளைப் படிக்கும் கணக்கீட்டு இயந்திரங்களால் கணக்கிட்டனர். அப்புள்ளிகளை நேரடியாக மில்லிங் இயந்திரத்துக்கே தரலாம் என்ற கருத்து இதிலிருந்து பிறந்தது. 1949இல் அமெரிக்க விமானப் படை இதற்கான ஒப்பந்தத்தை பார்சன்ஸுக்கு வழங்கியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சர்வோமெக்கானிசம் ஆய்வகம் இப்பணியில் இணைந்தது.

1952இல் அந்த ஆய்வகம் செயல்விளக்கம் அளித்த இயந்திரம் முற்றிலும் புதிதாகக் கட்டப்பட்டது அன்று. சின்சினாட்டி நிறுவனத்தின் ஹைட்ரோடெல் என்ற வழக்கமான மில்லிங் இயந்திரத்தை எடுத்து, அதன் மூன்று அச்சுகளையும் வெற்றிடக் குழாய்களாலான மின்னணுக் கட்டுப்பாட்டுடன் இணைத்தனர். கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன. இருந்த இரும்புக்குப் புதிய மூளை பொருத்துவது என்ற இந்த வேலையே இன்றைய ரெட்ரோஃபிட் பணியின் சாரமும் ஆகும்.

வெற்றிடக் குழாயிலிருந்து நுண்செயலிக்கு

அடுத்த முப்பது ஆண்டுகளில் கட்டுப்பாட்டு மின்னணுவியல் பலமுறை அடியோடு மாறியது. வெற்றிடக் குழாய்களின் இடத்தை டிரான்சிஸ்டர்களும், பின்னர் தொகுப்புச் சுற்றுகளும் பிடித்தன. 1970களில் சிறுகணினிகளும் நுண்செயலிகளும் உள்ளே வந்தன. அதுவரை என்.சி. எனப்பட்டது அதன்பின் கணினியைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்து சி.என்.சி. ஆனது.

ஜப்பானில் புஜிட்சு நிறுவனப் பொறியாளர் செய்யுமோன் இனாபா 1956இல் எண்முறைக் கட்டுப்பாட்டை உருவாக்கினார். அப்பிரிவு 1972இல் தனி நிறுவனமாகி ஃபனுக் என்ற பெயரில் வளர்ந்தது. ஜெர்மனியில் சீமென்ஸ் நிறுவனம் சினுமெரிக் என்ற பெயரில் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தயாரித்தது. இந்தியப் பட்டறைகளில் இன்றும் அதிகம் கேட்கப்படும் பெயர்கள் இவ்விரண்டே.

மோட்டார்களும் மாறின. ஃபனுக் முதலில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் துடிப்பு மோட்டார்களைப் பயன்படுத்தியது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் டி.சி. சர்வோ மோட்டாருக்கும், 1980களில் ஏ.சி. சர்வோ மோட்டாருக்கும் மாறியது. டி.சி. மோட்டாரில் கார்பன் பிரஷ் தேயும். அதன் தூளை அடிக்கடி துடைக்க வேண்டும். ஏ.சி. சர்வோவில் பிரஷ் இல்லை. பழைய இயந்திரத்துக்கு ரெட்ரோஃபிட் செய்யும்போது கட்டுப்பாட்டுக் கருவியுடன் மோட்டாரையும் மாற்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

இவ்வளவு மாற்றங்களுக்கிடையே அதிகம் மாறாத ஒன்றும் உண்டு. அது ஜி குறியீடு எனப்படும் நிரல்மொழி. ஜி00 என்றால் விரைவு நகர்வு, ஜி01 என்றால் வெட்டியபடி நேர்கோட்டில் நகர்தல், ஜி02, ஜி03 என்றால் வட்ட வில்லில் நகர்தல். இக்குறியீடுகள் ஐ.எஸ்.ஓ. 6983 என்ற பன்னாட்டுத் தரமாக 1982இல் வெளியாயின. கருவிக்குக் கருவி சிறு வேறுபாடுகள் இருந்தாலும் அடிப்படை ஒன்றே. அதனால் பழைய கட்டுப்பாட்டில் வேலை கற்ற ஆபரேட்டர் புதிய கட்டுப்பாட்டில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இந்தியாவில் சி.என்.சி.

1953இல் பெங்களூருவில் சுவிட்சர்லாந்தின் ஓர்லிக்கான் நிறுவன ஒத்துழைப்புடன் தொடங்கப்பட்ட எச்.எம்.டி. நிறுவனம் இந்தியாவின் இயந்திரக் கருவித் தொழிலுக்கு அடித்தளமிட்டது. 1960களில் செக்கோஸ்லோவாக்கிய உதவியுடன் அதே நகரில் மத்திய இயந்திரக் கருவி நிறுவனம் உருவானது. ஆய்வு, வடிவமைப்பு, பயிற்சி ஆகியவற்றுடன் இயந்திரங்களின் துல்லியத்தைச் சோதிக்கும் பணியையும் அது மேற்கொண்டது. எச்.எம்.டி. பின்னர் சி.என்.சி. இயந்திரங்களையும், ஹைநுமெரிக் என்ற பெயரில் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் வழங்கியது.

தமிழ்நாட்டில், 1962இல் கோவையில் நூற்பாலை இயந்திரங்களுக்காகத் தொடங்கப்பட்ட லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1988இல் சி.என்.சி. இயந்திரத் தயாரிப்பில் இறங்கியது. அதற்குத் தொழில்நுட்பம் தந்தது ஜப்பானின் மோரி செய்க்கி நிறுவனம். 1980களின் இறுதிவரை இந்தியாவில் சி.என்.சி. இயந்திரம் பெரும்பாலும் பெரிய தொழிற்சாலைகளிலேயே இருந்தது. இறக்குமதி உரிமக் கட்டுப்பாடும் உயர்ந்த சுங்கவரியும் சிறு பட்டறைகளுக்கு அதை எட்டாக் கனியாக்கின.

பெரியபாளையம் சூழ்ந்த தொழிற்பகுதி

பெரியபாளையம் திருவள்ளூர் மாவட்டம் ஊத்துக்கோட்டை வட்டத்தில் ஆரணியாற்றங்கரையில் உள்ளது. சென்னையிலிருந்து செங்குன்றம், ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில் அமைந்த இவ்வூர் பவானி அம்மன் கோயிலால் பெயர் பெற்றது. ஆடி மாதத்தில் பக்தர்கள் பெருந்திரளாகக் கூடுவர். வேளாண்மையும் கோயிலும் சார்ந்த இவ்வூரைச் சுற்றி நாலாபுறமும் தொழிற்பகுதிகள் உருவாயின.

தெற்கே, சென்னையை ஒட்டி முதலில் வந்தவை அரசின் பெரிய தொழிற்சாலைகள். பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. ஆவடியில் 1960களில் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965இல் வெளிவந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. அக்காலத்தில் மாநிலத் தொழில் அமைச்சராக இருந்தவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆர். வெங்கட்ராமன். பாடியில் டி.வி.எஸ். குழும நிறுவனங்களும், எண்ணூரில் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் என்ஃபீல்டும் அமைந்தன. திருவள்ளூர் அருகே இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 1970களில் மண்வாரி இயந்திரங்களைத் தயாரித்தது.

வடகிழக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் கடந்து செல்லும் கும்மிடிப்பூண்டியில் 1971இல் நிறுவப்பட்ட சிப்காட் நிறுவனம் தொழில் வளாகம் அமைத்தது. எஃகு உருக்கு, வார்ப்பு, பொறியியல் ஆலைகள் அங்கு வந்தன. பின்னாளில் தேர்வாய் கண்டிகையிலும் ஒரு சிப்காட் வளாகம் உருவானது. திருவள்ளூர் அருகே காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை உள்ளது. 1997இல் செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்துத் திருவள்ளூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது இப்பகுதியின் பெரும்பகுதி அதனுள் வந்தது. அம்பத்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது.

பெரிய ஆலைகளைச் சுற்றி ஜாப் ஒர்க் பட்டறைகள் பெருகின. வரைபடமும் மூலப்பொருளும் பெற்றுக்கொண்டு, கடைசல், துளையிடல், அரைத்தல் ஆகிய வேலைகளை மட்டும் செய்து தருவது இவற்றின் தொழில். பெரிய ஆலையில் பயிற்சி பெற்ற டர்னரோ ஃபிட்டரோ சொந்தமாக ஒரு லேத்துடன் தொடங்கிய பட்டறைகள் இவற்றுள் பல.

1991க்குப் பின்

1991இல் அறிவிக்கப்பட்ட புதிய தொழிற்கொள்கையும் அதைத் தொடர்ந்த இறக்குமதித் தளர்வும் நிலைமையை மாற்றின. 1990களின் பிற்பகுதியில் ஹூண்டாய், ஃபோர்டு ஆகிய கார் நிறுவனங்கள் சென்னையின் புறநகரில் உற்பத்தியைத் தொடங்கின. வாகன உதிரிபாகங்களுக்குத் தேவை கூடியது. அதனுடன் அளவுத் துல்லியத்துக்கான நெருக்கடியும் கூடியது. ஆயிரம் பாகங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கைலேத்தால் நிறைவேற்றுவது கடினம். சி.என்.சி. இல்லாத பட்டறைக்கு ஆர்டர் குறையத் தொடங்கியது.

இந்நிலையில் இரு வழிகளில் பழைய சி.என்.சி. இயந்திரங்கள் சிறு பட்டறைகளை வந்தடைந்தன. ஒன்று, வெளிநாட்டு ஆலைகள் கழித்த இயந்திரங்களின் இறக்குமதி. மற்றொன்று, உள்நாட்டுப் பெரிய ஆலைகள் ஏலத்தில் விற்றவை. இவற்றில் பல நல்ல வார்ப்பும் தடித்த வழித்தடங்களும் கொண்டவை. ஆனால் கட்டுப்பாடு பழையது. அதே காலத்தில் கட்டுப்பாட்டுக் கருவி நிறுவனங்கள் இந்தியாவில் நேரடியாகக் கால் பதித்தன. ஃபனுக் 1992இல் பெங்களூருவில் தன் இந்திய நிறுவனத்தைத் தொடங்கியது. புதிய கட்டுப்பாட்டுக் கருவியும் சர்வோவும் உள்நாட்டிலேயே கிடைத்ததால், பழைய இரும்பையும் புதிய மின்னணுவையும் இணைக்கும் வேலை ஒரு தனித்தொழிலாக வளர இடம் ஏற்பட்டது. அரசுத் தொழிற்சாலைகளும் தம்மிடமிருந்த விலையுயர்ந்த பெரிய இயந்திரங்களைக் கழிப்பதற்குப் பதிலாக, ஒப்பந்தப்புள்ளி கோரி ரெட்ரோஃபிட் செய்துகொள்கின்றன.

நினைவை இழக்கும் இயந்திரம்

ரெட்ரோஃபிட் தேவைப்படுவதற்குப் பழுதான போர்டு மட்டுமே காரணம் அன்று. இயந்திரத்தின் நினைவு அழிவதும் ஒரு காரணம். ஒவ்வொரு சி.என்.சி.யிலும் நூற்றுக்கணக்கான பாராமீட்டர்கள் உள்ளன. எந்த அச்சு எவ்வளவு தூரம் நகரலாம், எந்த வேகத்தில் போகலாம், பால் ஸ்குரூவின் தளர்வு எவ்வளவு என்பன போன்ற மதிப்புகள் இவை. ஒரே மாடல் இயந்திரங்கள் இரண்டிலும்கூட இவற்றுள் சில வேறுபடும்.

1970, 1980களின் கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவற்றில் இம்மதிப்புகள் பேட்டரியின் துணையால் நிலைத்திருக்கும் நினைவகத்தில் இருந்தன. ஃபனுக் 6 போன்ற சில கருவிகளில் காந்தக் குமிழி நினைவகம் பயன்படுத்தப்பட்டது. அது பேட்டரி இன்றியே தரவைக் காக்கும் என்றாலும், அத்தொழில்நுட்பமே பின்னர் வழக்கொழிந்தது. பேட்டரி உள்ள கருவியில், இயந்திரத்துக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பேட்டரியைக் கழற்றினால் நினைவு அழிந்துவிடும். நீண்ட விடுமுறையில் பூட்டிக் கிடந்த பட்டறையில் பேட்டரி தீர்ந்துபோனாலும் இதே நிலைதான்.

பாராமீட்டர் பட்டியல் காகிதத்தில் இருந்தால் மீண்டும் உள்ளிடலாம். கைமாறி வந்த இயந்திரங்களில் அந்தப் பட்டியலும் மின் வரைபடமும் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அப்போது இயந்திரம் பழுதாகாமலேயே பயனற்றதாகிறது. பேனல் கதவின் உட்புறம் ஓர் உறையில் பாராமீட்டர் அச்சுப்பிரதியை வைக்கும் பழக்கம் இந்த அனுபவத்திலிருந்து வந்தது.

பணி நடைபெறும் முறை

ரெட்ரோஃபிட் வேலை அளவெடுப்பதில் தொடங்குகிறது. டயல் கேஜ், சோதனைத் தண்டு, நுண் மட்டம் ஆகியவற்றைக் கொண்டு ஸ்பிண்டிலின் ஓட்டம், வழித்தடங்களின் நேர்மை, அச்சுகளுக்கிடையிலான செங்கோணம் ஆகியவை சோதிக்கப்படும். வசதியுள்ள இடங்களில் லேசர் அளவியும் பால்பாரும் பயன்படும். இரும்பு தேறாது என்று தெரிந்தால் கட்டுப்பாட்டை மாற்றுவதில் பயனில்லை. தேய்மானம் குறைவு என்றால் மின்னணு மட்டும் மாறும். நடுத்தர நிலை என்றால் ஸ்கிரேப்பிங், பால் ஸ்குரூ மாற்றம் ஆகியனவும் சேரும்.

அடுத்தது உள்ளீடு – வெளியீட்டுப் பட்டியல். லிமிட் சுவிட்ச், எண்ணெய் அழுத்த சுவிட்ச், கருவி மாற்றும் டரட்டின் சென்சார், கூலன்ட் பம்பு, ஹைட்ராலிக் வால்வு என ஒவ்வொன்றின் கம்பியும் எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுத வேண்டும். பழைய பேனலைப் பிரிப்பதற்கு முன்பே இதை முடிக்காவிட்டால் பின்னர் தேடுவதற்கு வழியிருக்காது. இப்பட்டியலை வைத்துத்தான் லேடர் நிரல் எழுதப்படுகிறது. சக் பிடிக்காமல் ஸ்பிண்டில் சுழலக் கூடாது, எண்ணெய் அழுத்தம் குறைந்தால் இயந்திரம் நிற்க வேண்டும் போன்ற நிபந்தனைகள் இந்நிரலில் இருக்கும்.

பின்னர் மோட்டார் தேர்வு. பழைய டி.சி. மோட்டாரின் முறுக்குவிசைக்கு ஈடான ஏ.சி. சர்வோவைத் தேர்ந்தால் மட்டும் போதாது. மேசையின் எடைக்கு ஏற்ற சடத்துவமும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அச்சு அதிரும். வெட்டிய பரப்பில் அலை விழும். தண்டின் விட்டமும் பொருத்துத் தட்டும் வேறுபடுவதால் புதிய கப்ளிங்கும் அடாப்டரும் கடைந்து செய்யப்படும்.

துல்லியம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். என்கோடர் ஒரு சுற்றுக்கு 2,500 துடிப்புகள் தருகிறது என்று கொள்வோம். இரு துடிப்பு வரிசைகளின் ஏற்ற இறக்கங்களையும் எண்ணினால் அது நான்கு மடங்காகி 10,000 எண்ணிக்கை ஆகும். பால் ஸ்குரூ ஒரு சுற்றுக்கு 10 மில்லிமீட்டர் நகர்த்தினால், ஓர் எண்ணிக்கைக்கு 0.001 மில்லிமீட்டர், அதாவது ஒரு மைக்ரான். கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தெரியும் மிகச்சிறிய அளவு இது. பால் ஸ்குரூவில் 20 மைக்ரான் தளர்வு இருந்தால், திசை மாறும்போதெல்லாம் மேசை அந்த அளவு பின்தங்கும். இதனைப் பேக்லாஷ் என்பர். இந்த மதிப்பைப் பாராமீட்டரில் இட்டுக் கருவியை ஈடுசெய்யச் சொல்லலாம். ஆனால் ஸ்குரூ நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் தேய்ந்திருந்தால் ஒரே மதிப்பு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. புதிய கட்டுப்பாடு பொருத்திய உடனே பழைய இயந்திரம் துல்லியமாகிவிடும் என்ற எண்ணம் தவறாவது இங்கேதான்.

திறந்த மூலத்தின் வருகை

ரெட்ரோஃபிட் வரலாற்றில் மற்றொரு திருப்பம் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணயத் தொழில்நுட்ப நிறுவனத்திலிருந்து வந்தது. சாதாரணக் கணினியைக் கொண்டே இயந்திரத்தை இயக்கும் ஒரு மென்பொருளை அது 1990களில் உருவாக்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மிச்சிகன் ஆலையில் இருந்த கியர்னி அண்டு டிரெக்கர் இயந்திரம் ஒன்றில் அது பொருத்திச் சோதிக்கப்பட்டது. அரசு நிறுவனத்தின் படைப்பு என்பதால் அம்மென்பொருள் பொதுவுடைமையாக வெளியானது. ஆர்வலர்கள் அதைத் தொடர்ந்து வளர்த்தனர். இன்று அது லினக்ஸ்சி.என்.சி. என்ற பெயரில் வழங்குகிறது.

இதனால் மாணவர்களும் சிறு பட்டறைகளும் கட்டுப்பாட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் படித்துப் பார்க்க முடிந்தது. தொழில்நிறுவனக் கருவியில் மூல நிரல் மூடியே இருக்கும்; பழுதானால் அந்நிறுவனத்தையே நாட வேண்டும். திறந்த மூலத்தில் அந்தச் சார்பு இல்லை, ஆனால் பொறுப்பு முழுவதும் பொருத்துபவரையே சேரும். இரவு பகலாக ஓடும் ஜாப் ஒர்க் இயந்திரத்துக்கு உடனடிச் சேவை கிடைக்கும் நிறுவனக் கருவியும், கற்றலுக்கும் சிறு இயந்திரங்களுக்கும் திறந்த மூலக் கருவியும் பொருத்தமானவை எனலாம்.

மின்தடையும் வெள்ளமும்

2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாடு கடும் மின்பற்றாக்குறையைச் சந்தித்தது. குறிப்பாக 2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டது. வெட்டும் நடுவில் மின்சாரம் நின்றால் கருவிமுனை உடையும், வேலைப்பொருள் வீணாகும். மின்சாரம் திரும்பும்போது ஏற்படும் அழுத்த ஏற்றம் பழைய டிரைவ்களைப் பாதிக்கும். தடையில்லா மின்வழங்கி, மின்னழுத்தச் சீராக்கி, தனி எர்த் குழி ஆகியன ரெட்ரோஃபிட் பணியில் தவிர்க்க முடியாதவை ஆவது இத்தகைய சூழலில்தான்.

2015 டிசம்பர் பெருமழையில் அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் மீண்டும் நீரில் மூழ்கியது. சிறு தொழில் முனைவோரின் இயந்திரங்கள் பல சேற்றில் நின்றன. இரும்புக்கும் மின்னணுவுக்கும் உள்ள வேறுபாடு இத்தகைய நேரத்தில் கண்கூடாகத் தெரியும். வழித்தடத்தையும் ஸ்பிண்டிலையும் உடனே கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசினால் பெரும்பாலும் காப்பாற்றலாம். மூழ்கிய டிரைவும் போர்டும் என்கோடரும் பெரும்பாலும் தேறாது. ஈரம் முழுவதும் நீங்கும் முன் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று சுவிட்சைப் போட்டால், மீளக்கூடிய பாகமும் எரிந்துபோகும். தவணை முடியாத இயந்திரத்துடன் நின்ற உரிமையாளருக்கு, புதிதாக வாங்கக் கடனும் இல்லை என்ற நிலையில், ரெட்ரோஃபிட் தொழிலைத் தொடர்வதற்கான வழியாகிறது.

பாதுகாப்பும் வரம்புகளும்

கட்டுப்பாட்டை மாற்றுபவர் இயந்திரத்தின் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்கிறார். என்கோடரின் இரு கம்பிகள் இடம் மாறினால் கருவி எதிர்த்திசையைச் சரியான திசை என்று கொள்ளும். முதன்முறை இயக்கும்போது அச்சு கட்டுமீறி ஓடி முட்டும். அதனால் முதலில் மோட்டாரைப் பால் ஸ்குரூவுடன் இணைக்காமல் தனியே சுழற்றிப் பார்ப்பர். அவசர நிறுத்தப் பொத்தான் மென்பொருளை மட்டும் நம்பாமல் மின்னிணைப்பிலேயே டிரைவின் ஆற்றலைத் துண்டிக்க வேண்டும். செங்குத்து அச்சில் பிரேக் இல்லாவிட்டால் மின்சாரம் போனதும் தலைப்பகுதி கீழிறங்கிவிடும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 21ஆவது பிரிவில் இயந்திரத்தின் அபாயப் பகுதிகளுக்குக் காப்பு வேலி வேண்டும் என்று விதித்தது. பழைய இயந்திரங்கள் பலவற்றில் கதவு சுவிட்சைக் கம்பி போட்டு இணைத்து, கதவு திறந்திருக்கும்போதே ஓட்டும் வழக்கம் காணப்படுகிறது. ரெட்ரோஃபிட் செய்யும்போது அந்தக் கம்பியை எடுத்துவிட்டுக் காப்பை மீட்பது, புதிய திரை பொருத்துவதைவிட முக்கியமானது.

எல்லா இயந்திரமும் இதற்குத் தகுதியானது அன்று. சிறிய லேத்தில் புதிய கட்டுப்பாடு, சர்வோ, பேனல், ஆட்கூலி ஆகியவற்றின் மொத்தச் செலவு ஒரு புதிய இயந்திரத்தின் விலையை நெருங்கிவிடும். பெரிய போரிங் இயந்திரம், செங்குத்து லேத், கியர் வெட்டும் இயந்திரம் போன்றவற்றில் இரும்பின் மதிப்பே அதிகம் என்பதால் அங்கு ரெட்ரோஃபிட் பெரும் பயன் தருகிறது.

கைமாறும் அறிவு

இத்தொழிலில் மூன்று வகை அறிவு கூடுகிறது. வழித்தடத்தைச் சுரண்டிச் சமன்படுத்தும் ஃபிட்டரின் கைத்திறன், பேனல் கட்டும் எலக்ட்ரீஷியனின் ஒழுங்கு, லேடர் எழுதிப் பாராமீட்டர் அமைக்கும் பொறியாளரின் படிப்பு ஆகியனவே அவை. அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ., ஆவடி முருகப்பா பாலிடெக்னிக் போன்ற நிறுவனங்கள் இப்பகுதிக்குத் தொழிலாளரையும் தொழில்நுட்பரையும் வழங்கி வந்துள்ளன. இவற்றுள் ஸ்கிரேப்பிங் அறிந்தோர் குறைந்து வருகின்றனர். பல ஆண்டுகள் மூத்த ஃபிட்டருடன் நின்று பழகினாலன்றி அத்திறன் கைவராது.

இன்று பொருத்தப்படும் கட்டுப்பாட்டுக் கருவியும் ஒரு நாள் பழையதாகும். அதன் சிப்பும் உற்பத்தியிலிருந்து நிற்கும். அதே அடித்தளத்துக்கு மூன்றாவது முறையாகக் கட்டுப்பாடு மாற்ற வேண்டி வரலாம். அப்போது வருபவருக்கு வேலை எளிதாவதும் கடினமாவதும் இன்று வேலை செய்தவர் விட்டுச் செல்லும் ஆவணங்களைப் பொறுத்தது. கம்பிகளுக்கு எண்ணிட்டு, மின் வரைபடத்தைத் திருத்தி, லேடரின் ஒவ்வொரு வரிக்கும் குறிப்பு எழுதி, பாராமீட்டர்களின் நகலை இரண்டு இடங்களில் வைத்து இயந்திரத்தை ஒப்படைப்பது நல்ல ரெட்ரோஃபிட் பணியின் கடைசிப் படியாகக் கருதப்படுகிறது.